காவடிச் சிந்தும் சேகாவும்: மொரீஷியஸில் ரீமிக்ஸ் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் தமிழ்ப் பாட்டை ரீமிக்ஸ் செய்ய உட்காருகிறவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. இந்தத் தீவின் பாரம்பரிய இசையும் ஆட்டமுமான சேகா ஓடுவது 6/8 கதியில். அதாவது ஒவ்வோர் அடியும் மூன்று மூன்றாகப் பிரியும். நம் காவடிச் சிந்தும், கும்மிப் பாட்டுகளில் பெரும்பாலானவையும் திஸ்ர நடை. அதுவும் தகிட, தகிட என்று மூன்றுதான். சினிமா ரீமிக்ஸ்களைக் கேட்டுப் பழகிய காதோடு, நான்கு நான்காக அடிக்கும் டான்ஸ் பீட்டைக் காவடிச் சிந்துக்கு அடியில் போட்டால், பாடுகிறவர் மூன்று எண்ணுவார், டிரம் நான்கு எண்ணும், பாட்டு நெடுக இழுபறியாகவே போகும். அதே குரலுக்கு அடியில் சேகாவின் தோல் கருவியான ரவானும் குலுக்கும் கருவியான மரவானும் வந்தால் சண்டையே இல்லை. ஆகவே எஃபெக்ட், சிந்த் (சிந்தசைசர்) எல்லாவற்றையும் தொடுவதற்கு முன் நடையைப் பிடிக்க வேண்டும். கீழே வரும் வேலையில் பாதி அதற்காகத்தான்.

கோவிலிலோ வீட்டிலோ பதிவு செய்த ஒரு காவடிச் சிந்துக் குரலை எடுத்து, சேகா தாளம் சேர்த்து, மூன்றரை நிமிட ரீமிக்ஸாக வெளியே எடுப்பது வரை இங்கே சொல்லியிருக்கிறது. எடுத்துக்காட்டுகள் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறும், எண்கள் மாறாது.

தேவைப்படும் கருவிகள்

8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். ரீப்பர் 60 நாள் எல்லா வசதிகளோடும் சோதனைக்குக் கிடைக்கும், அதற்குமேல் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். ஒலியைச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி, குரலைப் பிரித்தெடுக்க அல்டிமேட் வோக்கல் ரிமூவர். இரண்டும் இலவசம்.

காதை முழுக்க மூடும், ஒயர் உள்ள ஹெட்ஃபோன் வாங்குங்கள். புளூடூத் வேண்டாம். அதில் ஒலி 100 முதல் 200 மில்லி விநாடி வரை பிந்தி வரும். நாம் வேலை செய்யப்போகும் வேகத்தில் ஒரு தகிடவின் ஓர் எழுத்து 200 மில்லி விநாடி. எது தாளத்தில் விழுகிறது என்று காதால் முடிவு செய்யவே முடியாமல் போகும்.

விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ ட்ரைவர் போட்டுக்கொள்ளுங்கள். பஃபர் அளவைப் பதிவு செய்யும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றினால் போதும். மிக்ஸ் நேரத்தில் 128-லேயே விட்டால் ட்ராக்குகள் கூடக்கூட ஒலி வெட்டி வெட்டி வரும். அதைப் பார்த்து லேப்டாப் பழுது என்று நினைப்பவர்கள் நிறைய.

படி 1: குரலும் அனுமதியும்

மிகச் சிறந்தது, பாடுகிறவரை உட்காரவைத்து நீங்களே பதிவு செய்வது. காதில் கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் ஒலி) ஒலிக்க, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. மைக்கிலிருந்து வாய்க்கு ஒரு சாண் தூரம். சத்தமாகப் பாடும் இடத்தில் மீட்டர் -10 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெய்ன் (மைக்கின் பதிவு அளவு) வையுங்கள். உச்சஸ்தாயியில் குரல் எழும்பும்போது ஒரே ஒரு சொல் கிளிப் ஆகி உடைந்தாலும் அதைப் பின்னால் சரிசெய்ய முடியாது. மெதுவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, ஃபோனில் பிடித்த பதிவு. உறவினரிடமிருந்து வாட்சப்பில் வாங்கும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக அனுப்பினால் வாட்சப் அதை மறுபடி சுருக்கும். அந்தச் சுருக்கத்தில் ச, ஸ, ஷ ஒலிகள் மணல் அரைப்பதுபோல ஆகிவிடும், எந்த ஈக்யூவும் (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) அதை மீட்காது.

அனுமதியை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அண்ணாமலை ரெட்டியாரின் சிந்து வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் யாரோ பாடி, யாரோ வெளியிட்ட ஒலிப்பதிவு பொது ஆகாது. வரிக்கு உரிமை வேறு, பதிவுக்கு உரிமை வேறு. பாட்டு பழையதுதானே என்று வெளியான ஆல்பத்திலிருந்து குரலை உருவினால், யூடியூப்பின் கன்டென்ட் ஐடி சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடும். நம் ஊரில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைகளைக் கவனிப்பது மொரீஷியஸ் சொசைட்டி ஆஃப் ஆத்தர்ஸ், சுருக்கமாக மாசா. உள்ளூர்ப் படைப்பு என்றால் அங்கே விசாரிக்கலாம். கோவிலில் பாடியவரின் பதிவு என்றால் அவரிடமும், கோவில் நிர்வாகத்திடமும் கேளுங்கள். பக்திப் பாட்டை எந்த இடத்தில் ஒலிக்கவிடப்போகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கேட்பதுதான் முறை.

படி 2: குரலைப் பிரித்தெடுத்தல்

தனிக்குரல் பதிவு கையில் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள்.

மேளமும் குரலும் கலந்த பதிவு என்றால் அல்டிமேட் வோக்கல் ரிமூவரைத் திறந்து, டெமுக்ஸ் வகையில் நான்காம் பதிப்பு மாடல் ஒன்றை இறக்கிக்கொண்டு, வேவ் கோப்பைக் கொடுங்கள். குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு கோப்புகள் வரும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் பாட்டின் நீளத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள்.

இந்த மாடல்கள் பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் பாட்டுகளைக் கேட்டுப் பயின்றவை. அதனால் நாதஸ்வரத்தைக் குரல் என்று நினைத்துக் குரல் கோப்பிலேயே விட்டுவிடும். தவிலின் வலந்தலைச் சத்தம் டிரம்ஸ் கோப்புக்குப் போகும், தொப்பியின் கும்மென்ற நாதம் பேஸிலோ மற்றவையிலோ ஒதுங்கும். ஜால்ரா எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பாட்டு முழுவதையும் சுத்தமாக எடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, நாதஸ்வரம் ஓய்ந்திருக்கும் வரிகளைத் தேடி எடுங்கள். பல்லவி மூன்று முறை வருமானால் மூன்றில் எது சுத்தமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று இடத்திலும் பயன்படுத்தலாம். மிச்சம் ஒட்டியிருக்கும் ஜால்ராவைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சேர்க்கப்போகும் முக்கோணம் என்ற உலோகத் தாளக்கருவியின் சத்தம் அதே இடத்தில் விழுந்து அதை மூடிவிடும், தாளம் சரியாகப் பொருந்தியிருந்தால்.

படி 3: சுத்தம்

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பூமித் தொடர்பு இல்லாத இரண்டு முள் சார்ஜரில் லேப்டாப்பை மாட்டி மைக்கில் பதிவு செய்தால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ரீங்காரமாகப் பதிவாகும். பதிவின்போது சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுவது நல்ல மருந்து. ஏற்கெனவே பதிவாகிவிட்டால் ஈக்யூவில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் மிகக் குறுகலான நாட்ச் (அந்த அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் வெட்டு) போடுங்கள். ஆண்குரலின் அடிநாதமே 100-க்கும் 150-க்கும் அருகில் இருப்பதால் நாட்சை அகலமாக விட்டால் குரல் மெலிந்துபோகும்.

விசிறி, மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்றவற்றுக்கு ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன். பாட்டே இல்லாத ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து நாய்ஸ் ப்ரொஃபைல் எடுங்கள், பிறகு குரல் முழுவதற்கும் 6 முதல் 9 டெசிபெல் வரை குறையுங்கள். 20 டெசிபெல் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். கொஞ்சம் இரைச்சல் மிஞ்சினால் மிஞ்சட்டும், மரவான் வந்ததும் காதில் விழாது.

படி 4: வேகம், நடை, சமம்

இந்த வழிகாட்டியில் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ரீப்பரில் புதிய ப்ராஜெக்ட் திறந்து, 'கிரியேட் சப்டைரக்டரி', 'காப்பி மீடியா' இரண்டையும் டிக் செய்து சேமியுங்கள். குரலை ஒரு ட்ராக்கில் இழுத்துப் போடுங்கள். வேகத்தைத் தொடுவதற்கு முன் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை 'டைம்' என்று மாற்றுங்கள். இயல்பாக அது 'பீட்ஸ்' என்று இருக்கும். அப்படியே விட்டு வேகத்தை மாற்றினால், குரலும் சேர்ந்து நீண்டும் சுருங்கியும் போகும், எவ்வளவு மாற்றினாலும் தாளம் பொருந்தாது. தொடக்கத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி கையால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தகிட. 16 தட்டுகளுக்கு எத்தனை விநாடி என்று திரையில் அளந்து, 960-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் கிடைக்கும். 16 தட்டு 9.8 விநாடி என்றால் 960 ÷ 9.8, அதாவது சுமார் 98 பிபிஎம் (நிமிடத்துக்கு 98 தட்டு).

தானாக வேகம் கண்டுபிடிக்கும் கருவிகளைத் திஸ்ர நடையில் நம்ப வேண்டாம். அவை அடிக்கடி ஒன்றரை மடங்கில் தவறும். 98-ல் ஓடும் பாட்டை 147 என்று சொல்லும். வந்த எண்ணை 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள், நீங்கள் தட்டி அளந்ததோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். இதே கணக்கு இன்னோர் இடத்திலும் வரும். ப்ராஜெக்டை 6/8 என்று வைத்தால் மென்பொருள் வேகத்தைக் கால் நோட்டில் எண்ணும், உங்கள் தட்டோ ஒன்றரைக் கால் நோட்டு. 100 தட்டு வேகத்துக்கு 150 என்று எழுத வேண்டிவரும். குழப்பமே வேண்டாம் என்றால் 4/4, 100 பிபிஎம் என்று வைத்துக்கொண்டு கிரிட்டை (திரையின் கட்டக்கோடுகளை) மட்டும் 1/8 ட்ரிப்லெட் ஆக்குங்கள். ஒரு பாருக்கு நான்கு தகிட, 12 கட்டம், திரையில் பார்ப்பதற்கும் தெளிவு.

அடுத்து சமம், அதாவது தாளம் தொடங்கும் தட்டு. சிந்தில் சொல் தொடங்கும் இடமும் தாளம் தொடங்கும் இடமும் எப்போதும் ஒன்றல்ல. தட்டு விழுந்து ஓர் எழுத்து கழித்துப் பாட்டை எடுப்பது சர்வசாதாரணம். முதல் சொல்லின் அலைவடிவம் தொடங்கும் இடத்தைப் பார்க் கோட்டோடு ஒட்டிவிட்டால், பாட்டு முழுவதும் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிடும், ரவான் எந்த இடத்தில் அடித்தாலும் தப்பாகவே கேட்கும். பின்னணியில் ஜால்ராவோ கைத்தட்டலோ இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதிவில் தாளமே இல்லையென்றால் பாடியவரையே தட்டிக்காட்டச் சொல்லுங்கள். சமம் எது என்று முடிவானதும் அந்தத் தட்டை பார்க் கோட்டில் வையுங்கள், சொல் அதற்கான இடத்தில் தானாக விழும்.

படி 5: குரலைத் தாளத்தில் கட்டுதல்

கிளிக் இல்லாமல் பாடிய காவடிப் பாட்டு போகப்போக வேகம் கூடும். பல்லவி 98, கடைசிச் சரணம் 106 என்று போவது இயல்பு. காவடி ஆட்டத்துக்கு அந்த ஏற்றம் தேவை, அதை முழுவதும் அழித்துவிட்டால் பாட்டின் உயிர் போய்விடும். ஆனால் ரீமிக்ஸ் ஒரே வேகத்தில் நிற்க வேண்டும் என்று விரும்பினால் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 100 என்று வைப்போம். 98-ல் உள்ள பல்லவியை 2 விழுக்காடு வேகப்படுத்த வேண்டும், 106-ல் உள்ள சரணத்தை ஏறக்குறைய 6 விழுக்காடு மெதுவாக்க வேண்டும். 8 விழுக்காடு வரை குரல் தாங்கும். 12-ஐத் தாண்டினால் நெடில் எழுத்துகள் நடுங்கும், கமகங்கள் படிக்கட்டாக உடையும்.

வரிவரியாக எஸ் விசையால் வெட்டுங்கள். மூச்சுக்கு முன்னால் வெட்டுங்கள், மூச்சை வரியோடேயே வைத்திருங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் எஃப்2 அழுத்தினால் வரும் பெட்டியில் பிளேரேட் என்ற இடத்தில் விகிதத்தை எழுதலாம்: 100 ÷ 98 = 1.0204. 'ப்ரிசர்வ் பிட்ச்' டிக் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருதியும் ஏறும். அதே பெட்டியில் பிட்ச் ஷிஃப்ட் வகைக்கு எலாஸ்டிக் சோலோயிஸ்ட், மோனோஃபோனிக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தனிக்குரலுக்கு அதுதான் சுத்தமாக வருகிறது. கோரஸ் பாடினால் எலாஸ்டிக் ப்ரோ.

வரிக்குள்ளேயே ஒரு சொல் விலகி நின்றால் ஷிஃப்ட் டபிள்யூ அழுத்தி ஸ்ட்ரெச் மார்க்கர் போட்டு நகர்த்தலாம். ஒரு வரிக்கு இரண்டு அல்லது மூன்று மார்க்கர் போதும். எழுத்துக்கு எழுத்து போட்டால் பாட்டு, ரயில் நிலைய அறிவிப்புபோல் ஆகிவிடும்.

மார்க்கரைச் சொல்லின் எந்தப் புள்ளியில் வைப்பது? இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தாளத்தில் விழுவது உயிரொலி, மெய்யொலி இல்லை. 'முருகா' என்ற சொல்லை அலைவடிவத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மெல்லிய, சீரான ஒரு பட்டை தெரியும், அது உதடு மூடிய 'ம்'. அது ஏறக்குறைய 60 முதல் 100 மில்லி விநாடி வரை நீளும். பிறகு அலை திடீரென்று பருக்கும், அங்கே 'உ' தொடங்குகிறது. பருக்கும் அந்த இடம்தான் கிரிட் கோட்டில் உட்கார வேண்டும். சொல்லின் தொடக்கத்தைக் கோட்டில் வைத்தால் பாடகர் ஒவ்வொரு முறையும் பிந்துவதுபோல் கேட்கும். ம, ந, ல, வ எல்லாவற்றுக்கும் இதே விதி. 'கந்தா', 'பழனி' போன்ற வல்லினத் தொடக்கத்தில் வெடிப்புக்கும் உயிருக்கும் இடைவெளி மிகக் குறைவு, வெடிப்பையே கோட்டில் வைத்துவிடலாம்.

வெட்டிய ஒவ்வோர் இடத்திலும் 5 முதல் 10 மில்லி விநாடி ஃபேட் இருக்கட்டும். இல்லாவிட்டால் டிக் டிக் என்று சத்தம் வரும்.

படி 6: ரவான், மரவான், முக்கோணம்

பாரம்பரிய சேகாவின் அடித்தளம் இந்த மூன்றும்தான். 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த சேகாவும் இவற்றை மையமாகக் கொண்டதே. மென்பொருளோடு வரும் டிரம் கிட்களில் ரவான் இருக்காது. காங்கோ, ஜெம்பே சாம்பிள்களை வைத்துச் சமாளிப்பதைவிட, வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்து அரைமணி நேரம் பதிவு செய்வது எவ்வளவோ மேல்.

ஆட்டுத்தோல் ரவானைப் பறையைப் போலவே தீயில் காட்டிச் சூடேற்றித்தான் சுருதி ஏற்றுவார்கள். கடலோர ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தளரும். ஆகவே மைக், கேபிள், லெவல் எல்லாம் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு, கடைசியில் சூடேற்றச் சொல்லுங்கள். சூடேற்றிவிட்டு லெவல் சரிபார்க்க உட்கார்ந்தால், பதிவு தொடங்கும்போது தோல் இறங்கியிருக்கும், முதல் டேக்குக்கும் கடைசி டேக்குக்கும் சுருதி ஒட்டாது. மைக்கைத் தோலிலிருந்து 30 முதல் 50 செண்டிமீட்டர் தள்ளி, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே குறிபார்த்துச் சாய்வாக வையுங்கள். நேர் நடுவில் வைத்தால் கும்மென்ற சத்தம் மட்டும் வரும், விரல் அடி காணாமல் போகும். 100 பிபிஎம் கிளிக்குக்கு எட்டு பார் வீதம் மூன்று நான்கு வகை வாசிக்கச் சொல்லுங்கள். தனித்தனி அடிகளையும் பத்துப் பன்னிரண்டு முறை பதிவு செய்துகொள்ளுங்கள், இடைவெளி நிரப்ப உதவும்.

வாசிப்பவர் கிடைக்கும்வரை மிடியில் (மென்பொருளுக்குள்ளேயே அடிகளை எழுதும் முறை) இப்படித் தொடங்கலாம். ஒரு பார் என்பது தகிட தகிட தகிட தகிட. முதல் தகிடவிலும் மூன்றாவது தகிடவிலும் 'த' மேல் ஆழமான அடி, வெலாசிட்டி (அடியின் வலு) 105. நான்கு 'ட'க்களிலும் விளிம்பு அடி, 80. மரவான் மூன்று எழுத்திலும் ஓடட்டும்: 70, 45, 55. முக்கோணம் 'த'வில் திறந்தும் 'ட'வில் கையால் மூடியும். இது ஏணியின் முதல் படிதான். உண்மையான ரவான்காரர்கள் தகிடவின் மூன்று எழுத்தையும் பெரும்பாலும் சமமாகப் பிரிப்பதில்லை. அந்தச் சிறு கோணல்தான் காலை அசைய வைக்கிறது. ஆகவே நடு எழுத்துகளை 10 முதல் 20 மில்லி விநாடி வரை முன்னும் பின்னும் நகர்த்தி, பதிவு செய்த ரவானோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். நேரடிப் பதிவு கையில் இருந்தால் அதைக் கிரிட்டுக்கு இழுக்கவே கூடாது. பார் தொடக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

பாட்டு ஆதி தாளச் சதுஸ்ர நடையில் இருந்தால்? 6/8-க்கு வளைக்க வேண்டாம். 1980-களில் காயா வளர்த்தெடுத்த செகே, அதாவது சேகாவும் ரெகேயும் கலந்த வகை, அதற்கு இன்னும் பொருத்தம்.

படி 7: சுருதி, கார்ட், ராகம்

குரலின் சட்ஜத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஆர்மோனியம் இல்லாமல் பாடியிருந்தால் இரண்டு சுவரங்களுக்கு நடுவே நிற்க வாய்ப்பு அதிகம். ஐந்து கட்டைக்கு 30 சென்ட் (அரைச் சுவரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே இருக்கிறது என்றால், குரலை இறக்குவதைவிட உங்கள் சிந்த், பேஸ் எல்லாவற்றையும் 30 சென்ட் ஏற்றுவது நல்லது. குரல் தொடப்படாமல் இருக்கும். ஆட்டோட்யூன் பக்கம் போகவே வேண்டாம். கமகம் என்பது சுவரங்களுக்கு நடுவே நடக்கும் பயணம். ஆட்டோட்யூன் அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு அருகிலுள்ள சுவரத்தில் அறைந்துவிடும்.

கார்ட் போடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. காவடிச் சிந்துக்குப் பழகிய ராகம் செஞ்சுருட்டி. அதில் வருவது கைசிகி நிஷாதம். சட்ஜம் ஜி என்றால் சுவரங்கள் ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப். நம் ஊர் சேகா இசைக்குழுக்கள் அக்கார்டியனிலும் கிட்டாரிலும் வழக்கமாகப் போடும் மூன்று கார்ட்கள் ஜி, சி, டி மேஜர். இந்த டி மேஜருக்குள் எஃப் ஷார்ப் இருக்கிறது, அது காகலி நிஷாதம். பாடகர் எஃப் பாட, கிட்டார் எஃப் ஷார்ப் அடிக்க, இரண்டும் உரசும். தீர்வு எளிது. அந்த இடத்தில் டி-யும் ஏ-யும் மட்டும் வாசியுங்கள், நடுச் சுவரத்தை விட்டுவிடுங்கள். அல்லது எஃப் மேஜர் போடுங்கள், ராகத்துக்குள்ளேயே நிற்கும். பேஸ் கிட்டார் சட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நடந்தால் எந்தத் தொந்தரவும் இல்லை.

படி 8: அமைப்பு

100 பிபிஎம்மில் ஒரு பார் 2.4 விநாடி. 88 பார் என்றால் 3 நிமிடம் 31 விநாடி. நன்றாக வேலை செய்யும் ஒரு பிரிவு: சுருதியும் மரவானும் மட்டும் 8 பார், பல்லவி 16, ரவான் தனியாக 8, முதல் சரணம் 16, தாளம் எல்லாம் நின்று குரல் மட்டும் 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி முழுக் கூட்டத்தோடு 16.

எட்டெட்டாகப் பிரிப்பது டான்ஸ் இசைப் பழக்கம். சில சிந்து அடிகள் அதற்குள் அடங்காமல் ஒரு பார் நீளும். அடியை வெட்டாதீர்கள், அந்தப் பகுதியை 9 பாராக வையுங்கள். கேட்கிறவர் எண்ணப்போவதில்லை, ஆனால் சொல் பாதியில் அறுந்தால் உடனே தெரியும்.

படி 9: மிக்ஸ்

எல்லா ட்ராக்கையும் இறக்கிவைத்துத் தொடங்குங்கள், மாஸ்டர் -6 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. முதலில் குரலும் ரவானும் மட்டும். இரண்டும் சேர்ந்து நன்றாக இருந்தால்தான் மற்றவை.

குரலில் ஹைபாஸ் (கீழ் அதிர்வெண்களை வெட்டுவது): ஆண்குரலுக்கு 90, பெண்குரலுக்கு 130 ஹெர்ட்ஸ் சுற்றி. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ரீகாம்ப்பில் 3:1, அட்டாக் 10, ரிலீஸ் 100 மில்லி விநாடி, உச்சத்தில் 4 முதல் 6 டெசிபெல் வரை குறையும்படி த்ரெஷோல்ட். ரவானின் ஆழ்ந்த அடியும் பேஸ் கிட்டாரும் 70 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் மோதும். இரண்டில் ஒன்றை அங்கே 3 டெசிபெல் குறையுங்கள். சேகாவில் நான் குறைப்பது எப்போதும் பேஸைத்தான்.

டிலே போடும்போது மென்பொருள்கள் விரும்பித் தருவது புள்ளி வைத்த எட்டாம் நோட்டு. 100 பிபிஎம்மில் அது 450 மில்லி விநாடி. நம் கட்டங்களோ 200, 400, 600. 450-ல் வரும் எதிரொலி எந்த எழுத்திலும் விழாமல் நடையைக் கலைக்கும். 400 போடுங்கள், தகிடவின் 'ட' மேல் வந்து உட்காரும். கோவில் மண்டபத்தில் பதிவான குரலுக்கு ரிவெர்ப் ஏற்கெனவே உண்டு, மேலும் சேர்க்க வேண்டாம். அதற்குப் பதில் ரவானுக்கும் கிட்டாருக்கும் அதே அளவு ரிவெர்ப் கொடுத்து எல்லாரையும் ஒரே மண்டபத்துக்குள் கொண்டுவாருங்கள்.

ஊர்வல வண்டியில் ஒலிக்கப்போகிறது என்றால் இன்னொரு வேலை. கூம்பு ஸ்பீக்கர் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் சொல்லாது. பேஸ் முழுவதும் காணாமல் போகும். பேஸ் ட்ராக்கில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தால் மேல் ஸ்வரங்கள் உருவாகி, காது அடிநாதத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். மாஸ்டரில் மோனோ பொத்தானை அழுத்தியும் கேளுங்கள். அழுத்தியதும் ஏதாவது ஒரு வாத்தியம் மறைந்தால், அதில் போட்ட ஸ்டீரியோ அகலப்படுத்தும் எஃபெக்டைக் கழற்றுங்கள்.

படி 10: வெளியே எடுத்தல்

ரெண்டர் பெட்டியில் வேவ், 24 பிட், ப்ராஜெக்டின் அதே சாம்பிள் ரேட். ஸ்பாட்டிஃபை இயல்பாக -14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குச் சமப்படுத்தும், யூடியூப்பும் அதைவிடச் சத்தமானதைக் குறைத்துவிடும். அதனால் -14 முதல் -11 வரை எங்காவது நின்றால் போதும், ட்ரூ பீக் -1 டெசிபெல். -7 வரை நசுக்கினால் ரவானின் விரல் அடிகள் தட்டையாகும், ஒலியளவும் கூடுதலாகக் கிடைக்காது. பகிர்வதற்கு இதிலிருந்து 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று.

குரல் ட்ராக்கை எந்த எஃபெக்டும் இல்லாமல் தனியாகவும் ஒருமுறை ரெண்டர் செய்து, கோப்புப் பெயரிலேயே வேகம், கட்டை, சமம் தொடங்கும் விநாடி மூன்றையும் எழுதிவையுங்கள்: 'பல்லவி குரல் 100 பிபிஎம் 5 கட்டை சமம் 0.42' என்பதுபோல. பாடியவருக்கும் ரவான் வாசித்தவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வெளியிடும் இடத்தில் இருவர் பெயரையும் அவர்கள் சொல்லும் எழுத்துக்கூட்டிலேயே போடுங்கள்.